நுவரெலியா பேல் கடையில வாங்குன நோர்வே கொடி ஜெக்கட் – நாலு மாசம் போட்ட பொறகு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிர்றேன், ஜெக்கட் நல்லா இருக்கு, குடுத்த சல்லிக்கு ஞாயம், கெடச்சா வாங்குங்க. நேரமில்லாதவங்க இதோட நிப்பாட்டிக்கலாம். மிச்ச ஆளுங்களுக்கு கத கொஞ்சம் நீளம், ஏன்னா இது சும்மா ஒரு ஜெக்கட் இல்லன்னு எனக்கே ரெண்டு கெழம கழிச்சிதான் வெளங்குனிச்சி.

நான் தலவாக்கலை பக்கம், தோட்டத்து ஸ்கூல் ஒண்ணுல பி.டி. டீச்சர். வெள்ளன அஞ்சரைக்கே பிள்ளைகள கூட்டிக்கிட்டு ஓடப் போறது, தம்பியும் வருவான், அவன் 5000 மீட்டர் ஓடுறவன். ஜனவரி பெப்ரவரியில எங்க பக்கம் எப்பிடின்னு தெரியும்தானே, சில நாள் தரையில வெள்ளையா பனி படிஞ்சி கொழுந்தே கருகிப் போயிரும். அந்தக் குளிருக்கு சுவெட்டர் போட்டு ஓடுனா பத்து நிமிஷத்துல வேர்த்து நனஞ்சிரும், பொறகு நின்ன ஒடனே அந்த ஈரம் எலும்பு வரைக்கும் ஏறும். சரின்னு ரெயின்கோட் துணி ஜெக்கட் போட்டா உள்ளுக்கு நம்ம அவிச்ச கெழங்கு. இதுக்கு நடுவுல ஒண்ணு வேணும்னு தேடித்தான் நுவரெலியா டவுனுக்குப் போனேன், அங்க வெளிநாட்டுல இருந்து பேல் பேலா, அதாவது மூட்டை மூட்டையா, வர்ற பழைய குளிர் உடுப்பு விக்கிற கடைங்க வரிசையா இருக்குமே, அதுல ஒண்ணு. பேரு கேக்காதீங்க, கடைக்கு போர்டே இல்ல, தார்ப்பாயும் ரெண்டு குண்டு பல்பும்தான்.

கடையில முஸ்லிம் அண்ணன் ஒருத்தரு இருந்தாரு, அவங்கள நாங்க நானான்னுதான் சொல்லுவோம். குவியலா கெடந்ததுல நான் இத இழுத்தவொடனே, "தங்கச்சி, நல்ல சாமான் ஈக்கி அது, கையில புடிச்சிப் பாருங்கொ, தாள் மாதிரி ஈக்கும், ஆனா காத்து வராது"ன்னாரு. 2200 சொன்னாரு, நான் வெளிய ஒரு கால வெச்சேன், 1800 ஆச்சி, மத்தக் காலையும் வெச்சேன், 1400க்கு முடிஞ்சிச்சி. அம்மாவோட நாள் சம்பளம் 1350ன்னு வந்த நேரம் அது, அதனால வீட்டுல வெலய ஆயிரம்னுதான் சொல்லியிருக்கேன், அம்மா இத வாசிக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

இப்ப ஜெக்கட்டப் பாப்போம். முன்பக்கம் நெஞ்சும் கை மேல்பக்கமும் ஒரு துணி, காத்துப் போகாத மாதிரி, தொட்டா லேசா ரப்பர் மாதிரி இருக்கும். முதுகும் அக்குளும் வேற துணி, மெல்லிசா, இழுத்தா வரும், வேர்வ வெளிய போயிரும். பின்னால வால் கொஞ்சம் நீளம், குனிஞ்சா இடுப்பு தெரியாது. ஸிப் இழுக்குற எடத்துல ஒரு கயிறு நீளமா தொங்குது. மொதல்ல எனக்கு அது அசிங்கமா பட்டுச்சி, வெட்டிப் போடவும் பாத்தேன், நல்ல வேள வெட்டல. முதுகுல கொலராடோன்னு, அது அமெரிக்காவுல ஒரு கெம்பஸ், அதான் யூனிவர்சிட்டி, இங்கிலீஸ்ல எழுதி நெஞ்சுல திமில் வெச்ச எரும மாடு மாதிரி ஒரு படம், அதுக்குக் கீழ ஸ்கீ டீம்னு எழுத்து, ஸ்கீன்னா கால்ல நீளப் பலக மாட்டிக்கிட்டு பனியில சறுக்குறது. தம்பி அத ஸ்கை டீம்னு வாசிச்சிட்டு "பிளேன் ஓட்டுற ஆளுங்களாக்கா"ன்னு கேட்டான். எடது கையில ஒரு சின்னக் கொடி, அது ஃபெக்டரியில தச்சது இல்ல, யாரோ கையால தச்சிருக்காங்க, தையல் கோணல். செவப்புல வெள்ளக் கரை வெச்ச நீலச் சிலுவ. அவன் இங்கிலாந்துன்னான், நான் பெரிய மேதாவி மாதிரி ஐஸ்லாந்துன்னேன், ரெண்டும் பிழ. ஐஸ்லாந்து இதுக்குத் தலகீழ், நீலத்துல செவப்பு. இது நோர்வே.

நோர்வேன்னா நம்ம ஆளுங்களுக்கு சமாதானப் பேச்சுக்கு நடுவுல நின்ன எரிக் சொல்ஹெய்மும் 2002 போர் நிறுத்த ஒப்பந்தமும்தான் ஞாபகம் வரும், அதத் தாண்டி எனக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா நோர்வே கொடிக்கும் அமெரிக்க கெம்பஸ் பேருக்கும் என்ன சம்பந்தம்னு மண்டைக்குள்ள கொடஞ்சிக்கிட்டே இருந்திச்சி. என் கூட பயிற்சிக் கல்லூரியில படிச்ச யாழ்ப்பாணத்துப் பிள்ள ஒருத்தியோட அண்ணன் ஒஸ்லோவுல இருக்காரு, அவருக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன். அன்னைக்கு ராவே பதினொரு நிமிஷத்துக்கு வொய்ஸ் மெசேஜ் வந்திச்சி, மனுசனுக்கு அம்புட்டு சந்தோசம். "தங்கச்சி, இது குறொஸ்கன்றி ஸ்கீ, அதான் பனியில கனதூரம் ஸ்கீ ஓடுற பிள்ளையளின்ர ஜக்கெற். இஞ்ச சனம் பிறக்கேக்கையே காலில ஸ்கீயோடதான் பிறக்கினமாம், அப்பிடித்தான் சொல்லுவினம்"னு ஆரம்பிச்சி, அவரு மகளும் ஞாயித்துக்கெழம ஸ்கீக்குப் போறா, இவரு மட்டும் முப்பது வருஷமா விழுந்துக்கிட்டே இருக்காராம்.

அதுக்குப் பொறகு நானே தேடித் தேடி வாசிச்சேன், பி.டி. டீச்சர் புத்தி. எனக்கு வெளங்குன மட்டும் சொல்றேன்.

நோர்வேயில கெம்பஸ் வேற, விளையாட்டு வேற. விளையாட்டெல்லாம் ஊர் கிளப்புல. கெம்பஸ்ஸுக்குன்னு டீம் கட்டி, கோச் போட்டு, ஸ்கொலர்ஷிப் குடுத்து ஓட விடுற பழக்கம் அங்க இல்ல. நம்ம நாட்டுல சந்துக்குச் சந்து கிரிக்கெட் ஆடுற மாதிரி அங்க ஸ்கீ, ஆனா தேசிய டீம்ல எடம் விரல் விட்டு எண்ணலாம். அவங்க ஸ்கீ ஓட்டக்காரங்கள்ல பியோர்ன் டேலி ஒலிம்பிக்ல மட்டும் 8 தங்கம், மரித் பியோர்கன் அதே ஒலிம்பிக்ல 15 பதக்கம், இப்ப கிளேபோன்னு ஒரு பய 2025ல திரொண்ட்ஹெய்ம் உலகப் போட்டியில ஓடுன ஆறுலயும் ஆறு தங்கம். இப்பிடி ஆளுங்க இருக்குற ஊர்ல பத்தொம்பது வயசுல நீங்க நாட்டுலயே நாப்பதாவதுன்னா என்ன செய்வீங்க? வேற நாட்டுல பொறந்திருந்தா நாப்பதாவது ஆளுதான் அந்த நாட்டுக்கே ராசா. அந்த மாதிரி பிள்ளைங்க பல பேரு பையக் கட்டிக்கிட்டு அமெரிக்காவுக்குப் போறாங்க. கொலராடோ, டென்வர், யூட்டா, வேர்மொன்ட், அலஸ்கான்னு அங்க ஸ்கீ டீம் வெச்சிருக்குற கெம்பஸ்ங்க இவங்கள ஸ்கொலர்ஷிப் குடுத்து எடுத்துக்கும். டிகிரியும் ஆச்சி, ஓட்டமும் ஆச்சி.

அங்க கெம்பஸ் விளையாட்டெல்லாம் என்.சி.ஏ.ஏ.ன்னு ஒரு அமைப்போட கையில. 1954ல இருந்து ஸ்கீ சாம்பியன்ஷிப் நடக்குது. எனக்கு ரொம்பப் புடிச்சது புள்ளி போடுற மொறதான். ஒரு கெம்பஸ் ஆகக் கூடினது பன்னெண்டு பேரத்தான் கொண்டு போகலாம். மலையில இருந்து சறுக்கி எறங்குற பக்கம் ஆம்பளப் பிள்ள மூணு, பொம்பளப் பிள்ள மூணு, காட்டு வழியில ஏறி எறங்கி தூரம் ஓடுற பக்கம் அதே மாதிரி மூணு மூணு. 1983ல இருந்து எல்லார் புள்ளியையும் ஒண்ணா கூட்டித்தான் பட்டம். அதாவது நம்ம ஸ்கூல்ல ஹவுஸ் ஹவுஸா பிரிச்சி வெக்கிற இல்ல விளையாட்டுப் போட்டியேதான்! செவப்பு இல்லத்துல ஒரு பொடியன் 1500ல மொதலாவது வந்தாலும் அதே இல்லத்துப் பிள்ள ஒருத்தி உயரம் பாயுறதுல கோட்டவிட்டா கப்பு போயிரும் பாருங்க, அது மாதிரி. பொம்பளப் பிள்ளைங்க புள்ளிக்கும் அதே எட. எங்க ஸ்கூல் அதிபர்கிட்ட இத சொல்லணும்னு வெச்சிருக்கேன், அவருக்கு பொம்பளப் பிள்ளைங்க நிகழ்ச்சின்னா நேரம் போகுதுன்னு கவல.

தூரம் ஓடுற பக்கம் ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு ஓட்டம். ஒண்ணுல அர நிமிஷத்துக்கு ஒருத்தரா விடுவாங்க, பக்கத்துல ஆள் இல்லாம கடிகாரத்தோட சண்ட. மத்ததுல எல்லாரையும் ஒண்ணா அவுத்து விடுவாங்க. ஓடுற ஸ்டைலும் ரெண்டு. க்ளாஸிக்னா தண்டவாளம் மாதிரி வெட்டுன ரெண்டு கோட்டுக்குள்ள கால நேரா நேரா வெச்சிப் போறது. ஃப்ரீன்னா ஸ்கேட்டிங் மாதிரி காலப் பக்கவாட்டுல தள்ளித் தள்ளிப் போறது. இந்த வருஷம் தனியா ஓடுறது க்ளாஸிக்னா அடுத்த வருஷம் ஃப்ரீ, மாத்தி மாத்தி வரும். அதனால ஒண்ணு மட்டும் தெரிஞ்சவன் தப்ப ஏலாது. இது எல்லாத்துக்கும் அவங்களுக்கு ரொம்ப காலமா நாலு சீசன்தான் கணக்கா இருந்திருக்கு. ஸ்கொலர்ஷிப்புக்கும் ரொம்ப காலம் ஒரு அளவு இருந்திருக்கு, ஒரு கெம்பஸ்ஸுக்கு பொம்பளப் பிள்ளைங்களுக்கு 7, ஆம்பளப் பிள்ளைங்களுக்கு 6.3. அந்த .3 ஆளு யாருன்னு தம்பி கேக்குறான், முழுசா குடுக்காம பிச்சிப் பிச்சிப் பங்கு போடுறதாம், நம்ம ஊரு நிவாரணம் மாதிரி.

இந்தக் கொலராடோவுக்கு நோர்வேயில இருந்து போய் என்.சி.ஏ.ஏ. தனிநபர் பட்டமே ஜெயிச்ச ஒருத்தரு இருக்காரு, மக்னுஸ் போ. பேரு அவங்க வாயில வேற மாதிரி வருது, நம்ம வாயில "போ"ன்னுதான் வருது, அவரும் அந்த கெம்பஸ்ஸ விட்டுப் போயிட்டாரு. என் ஜெக்கட் அவருதுன்னு சொல்ல வரல, சத்தியமா தெரியாது, யாரோட சைஸோ, எந்த வருஷமோ. ஆனா இந்தக் கொடிய யாரோ ஒரு பிள்ள ஹொஸ்டல் ரூம்ல ஒக்காந்து ஊசி குத்திக்கிட்டு தச்சிருக்கும்னு நெனச்சா எனக்கு என்னமோ பண்ணுது, நானும் கொழும்புக்கு மொத தடவ படிக்கப் போறப்ப அம்மா தச்ச தலகாணி உறையத் தூக்கிக்கிட்டுப் போனவதான்.

இன்னொண்ணும் வாசிச்சேன், ஜெக்கட்டுக்கு சம்பந்தமில்ல, ஆனா சொல்லாம இருக்க ஏலல. நோர்வேயில சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்குன்னு தனி விதி, பதினோரு வயசு ஆகுற வரைக்கும் யாரு மொதலாவது யாரு கடைசின்னு பட்டியல் போடக் கூடாதாம். அங்க உலகத்துலயே வேகமா ஸ்கீ ஓடுறவன் வாரான். இங்க நாங்க பத்து வயசுப் பிள்ளைய ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு உக்கார வெச்சி வெட்டுப்புள்ளி போட்டு அதுங்க மொகத்த வாட வெக்கிறோம். என் கூட ஓடுன பிள்ள ஒருத்தி, மாகாண மட்டத்துல 1500ல ரெண்டாவது வந்தவ, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வருஷம் வீட்டுல ஓட்டத்த விடுன்னாங்க, விட்டா, ஏ.எல்.லும் சரியா வரல. இப்ப கொழும்புல துணிக்கடையில நிக்கிறா. ஜெக்கட் போட்டோவ அவளுக்கும் அனுப்புனேன், "கலர் நல்லா இருக்கு"ன்னு மட்டும் போட்டிருந்தா.

சரி, ஜெக்கட்டுக்கு வாரேன். இதெல்லாம் வாசிச்ச பொறகுதான் அந்த ஸிப் கயிறு வெளங்குனிச்சி. அவங்க ஓட்டத்துல ஓடுறது ஒடம்போட ஒட்டுன மெல்லிசு உடுப்புல. ஸ்டார்ட்டுக்கு ஒரு நிமிஷம் இருக்குற வரைக்கும் மேல இந்த ஜெக்கட் இருக்கும், கையில தடிச்ச கிளவுஸ், அதோட ஸிப்ப இழுக்கணும்னா கயிறு வேணும்தானே. ஓடி முடிச்சி பனியிலயே சுருண்டு விழுந்து கெடக்குறவனுக்கு வேர்வ ஆறுறதுக்குள்ள மறுபடி போட்டு விடணும். அதுக்குத்தான் முன்னால காத்துத் தடுக்குறது, பின்னால ஆவி போறது. அதாவது நான் தேடுன அதே சாமான். ஓடுறப்ப வர்ற குளிரு வேற, நின்ன பொறகு வர்ற குளிரு வேறங்குறது தச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

நாலு மாசமா இப்பிடித்தான் போடுறேன். வெள்ளன வீட்டுல இருந்து கிரவுண்ட் வரைக்கும் மெதுவா ஓடுறப்ப ஜெக்கட், கிரவுண்ட்ல வேகமா ஓடுறப்ப கழட்டி இடுப்புல, முடிஞ்சவொடனே மறுபடி. மூடுபனியில முன்னால முத்து முத்தா தண்ணி நிக்கும், உள்ளுக்கு வராது. தேயில மலைக் குறுக்குப் பாதையில ஏறுறப்ப கூட வேக்காடு இல்ல. கழுவிக் கொடியில போட்டா மூடுபனியிலயும் ரெண்டு மணித்தியாலத்துல காஞ்சிரும், எங்க ஊர்ல சுவெட்டர் காய மூணு நாளு. இதுக்கே ஒரு ஸ்டார் கூட குடுக்கலாம்.

தம்பிக்கு வேற கணக்கு. அந்தக் கெம்பஸ் இருக்குற போல்டர் டவுன் கிட்டத்தட்ட 1650 மீட்டர் உயரத்துல, காத்து மெல்லிசு, அங்கயே இருந்து பழகுனா ரத்தத்துல செவப்பணு கூடும், எறங்கி வந்து ஓடுனா மூச்சு தாங்கும்னு சல்லி செலவழிச்சி உயரத்துக்குப் போய் பழகுறாங்க. நுவரெலியா டவுன் 1868 மீட்டர். "அப்ப நாங்க சும்மா தூங்குறதே ட்ரெய்னிங்தானேக்கா"ங்கிறான். தூங்குறது மட்டும் போதாதுடான்னேன். இன்னொரு கூத்து, சர்வதேச விதிப்படி இந்த ஸ்கீ ஓட்டப் பாத 1800 மீட்டருக்கு மேல போகக் கூடாதாம், அதனால நாளைக்கே நுவரெலியாவுல மொழங்கால் அளவு பனி கொட்டுனாலும் அங்க போட்டி வெக்க ஏலாது, தலவாக்கலைக்குத்தான் எறங்கி வரணும். எங்க ஊருக்கு இப்பிடி ஒரு பெரும வரும்னு நெனச்சே பாக்கல.

நோர்வேயில பீர்க்கபெய்னர்னு ஒரு ஓட்டம் இருக்கு, 54 கிலோமீட்டர், முதுகுல 3.5 கிலோ சொமயோட ஓடணும், 1206ல ரெண்டு வீரங்க ராசா வீட்டுக் கைக்கொழந்தயத் தூக்கிக்கிட்டு பனி மல தாண்டுன ஞாபகத்துக்கு. அம்மாகிட்ட இத சொன்னேன். தெனம் 18 கிலோ கொழுந்து எடுத்து கூடையோட மல ஏறி எறங்குறவங்க, "மூணர கிலோவா? அதுக்கு எதுக்கு கப்பு"ன்னுட்டு ரொட்டியத் திருப்பிப் போட்டாங்க.

கொறைங்க இருக்கு. மழைக்கு இது சரிவராது, சரிவரவே வராது. பனிக்குத் தச்ச சாமான், நம்ம மே ஜூன் மழையில அஞ்சு நிமிஷத்துல முதுகு பூரா ஒட்டிக்கும். அடுப்படிக்குப் போட்டுக்கிட்டுப் போகவே போகாதீங்க, தம்பி வெறகு அடுப்பு முன்னால குளிர் காய ஒக்காந்தான், ஒரு பொறி தெறிச்சி கையில மொளகு அளவுல ஓட்ட, துணி எரியல, உருகிருச்சி. ஓரத்துல லேசா சுருங்கி கறுப்பா நிக்குது. அவன்கிட்ட ரெண்டு நாள் பேசல.

வலது கையில ஒரு கறை இருந்திச்சி, ஊதாக் கலர்ல பிசுபிசுன்னு, ரெண்டு தடவ சோப்பு போட்டும் அசையல. ஒஸ்லோ அண்ணன் போட்டோவப் பாத்துட்டு சிரிச்சாரு. க்ளாஸிக் ஓடுறவங்க ஏத்தத்துல வழுக்காம இருக்க ஸ்கீக்கு அடியில நடுப்பகுதியில மெழுகு பூசுவாங்களாம், பனி உருகி மறுபடி ஐஸ் ஆகிக் கெடந்தா க்ளிஸ்டர்னு பசை மாதிரி ஒண்ணு, அது தொட்ட எடமெல்லாம் ஒட்டுமாம், கை, தல மயிர், கார் சீட், எல்லாம். எனக்கு ஒடனே பலாப்பழம்தான் ஞாபகம் வந்திச்சி. பலாப் பாலுக்கு என்ன செய்வோம்? தேங்காண்ண போட்டுத் தேச்சேன், பாதி போச்சி, மிச்சத்துக்கு மண்ணெண்ண துணியில தொட்டு மெதுவா ஒத்தி எடுத்து ஒடனே சோப்புத் தண்ணியில அலசுனேன். போச்சி. மண்ணெண்ண வாட போக மூணு நாளாச்சி, அது வேற விசயம். பேல் உடுப்புக்கே ஒரு மருந்து வாட இருக்குமே, அதோட இதுவும் சேந்து ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் பக்கத்துல வரல.

கடையப் பத்தி. நானா பேச்சு இனிப்பு, பொய்யும் இல்ல, காத்து வராதுன்னாரு, வரல. ஆனா போட்டுப் பாக்க எடமில்ல, கண்ணாடி ஒண்ணு இருக்கு, அதுல பாதி ஒடஞ்சிருக்கு. ஜெக்கட்டோட சேத்து தம்பிக்கு எடுத்த ட்ரெக் காற்சட்டையில பொக்கட் ஸிப் பல்லு வீட்டுக்கு வந்து பாத்தா இல்ல, அடுத்த கெழம கொண்டு போனா "மாத்துறது இல்ல மகள், நீங்க பாத்துத்தானே எடுத்தீங்கொ"ன்னுட்டாரு. அதுவும் ஞாயம்தான், பல்பு வெளிச்சத்துல எப்பிடிப் பாக்குறதுன்னு நான் கேக்கல. அதனால பகல்ல போங்க, ஸிப் எல்லாத்தையும் ரெண்டு தடவ ஏத்தி எறக்குங்க, அக்குளத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க, அங்கதான் மொதல்ல நஞ்சி போகும். ஏப்ரல் சீசன்ல போகாதீங்க, கொழும்பு ஆளுங்க வந்து கேட்ட வெலையக் குடுத்துட்டுப் போவாங்க, நம்ம பேரம் எடுபடாது. வார நாள்ல, மழ லேசா தூறுற நேரமா போனா இன்னும் நல்லம், கடையில ஆள் இருக்காது.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். ஒண்ணு மழைக்காகக் கொறச்சது, காற்சட்டைக்குன்னு தனியா கொறைக்கல. போன மாசம் அந்தப் பக்கம் போனப்ப நானாகிட்ட இதே மாடு போட்ட காற்சட்டை, தொப்பி ஏதாச்சும் பேல்ல வந்தா எடுத்து வைங்கன்னு சொன்னேன், கண்டிப்பா கோல் பண்றேன் மகள்னு சிகரட் பெட்டி அட்டையில நம்பர் எழுதி வெச்சிக்கிட்டாரு. இன்னும் கோல் வரல. தம்பி நேத்தும் கேட்டான்.